கடைசி அடியில் விழாத சொல்

அன்புள்ள அம்மாவுக்கு, மலிவான் கைகூப்பி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

என்னோடு மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் நாரியின் அப்பா தவறிவிட்டார். தகனத்தன்று கொடுக்கும் சிறு புத்தகத்துக்கு என்னைத் தாய்லாந்து மொழியில் ஒரு க்லோன் பாட்டு எழுதச் சொன்னாள். ‘அப்பா போய்ச் சேர்ந்தார் வீடு’ என்று முடித்திருந்தேன். அச்சகத்துப் பிரசித் அண்ணன் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, க்லோனுக்குக் கடைசிச் சொல்லு சமமா ஒலிக்கணும். வீடுங்கிற ‘பான்’ல குரல் கீழ விழுதே! வாங்கிற ‘மா’ன்னு மாத்து, சரியா நிக்கும்."

‘அப்பா, திரும்பி வா’ என்று மாற்றினேன். அதைப் பார்த்ததும் நாரி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வா வான்னு அவருதாண்டி போன்ல கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. லீவு இல்லன்னு நான்தான் போகல."

வேறு சொல் தேடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றாள். அப்படியே அச்சாகிவிட்டது.

நீங்கள் கவலைப்படாதீர்கள், அவள் இப்போது சாப்பிடுகிறாள். புத்தாண்டுக்கு எனக்கும் லீவு இல்லையாம், மறுபடி கேட்கப்போகிறேன். நீங்கள் இடிக்கும் மிளகாய்த் துவையல் ஒரு புட்டி அனுப்புங்கள். உடையாமலிருக்க உங்கள் பழைய சரோங் ஒன்றைச் சுற்றிவிடுங்கள்.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். சரோங்கைத் துவைக்க வேண்டாம், அம்மா. நீங்கள் கட்டியிருந்தது அப்படியே வரட்டும்.

மலிவான்