கடை திறக்கும் நேரம்

அப்பா,

மணி பன்னிரண்டு பத்து. என் மடியில் உன் ஆக்சிஜன் முகமூடி இருக்கிறது. பீரோவின் அடித்தட்டில், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைச் சுற்றி வைத்திருக்கும் பழைய புடவைக்குப் பின்னால், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அம்மா இதை ஒளித்து வைத்திருந்தாள். மூடியைத் திறந்ததும் பிளாஸ்டிக் வாசனையும் உன் ஷேவிங் கிரீம் வாசனையும் கலந்து வந்தன. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. வாசனை போகவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு வலி வரும். ஒன்பது நாளாக அந்த நேரத்துக்குத்தான் வருகிறது. வந்த பிறகு பேனா பிடிக்க முடியாது என்பதால் இப்போதே எழுதுகிறேன், கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கங்களில். அம்மா ஹாலில் படுத்திருக்கிறாள். நீ போனதிலிருந்து டியூப்லைட்டை அணைக்காமல்தான் தூங்குகிறாள். கதவுக்கு அடியில் அந்த வெளிச்சம் தெரிகிறது. அதை யாராவது மறைக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

எனக்கு வலது பக்கம், அப்பா. உனக்கு எப்போதும் இடது. முதல் மூன்று நாள் அதைச் சொல்லித்தான் தைரியப்படுத்திக்கொண்டேன். பக்கம் வேறு என்றால் நோயும் வேறாக இருக்கலாமே. நான்காம் நாள் வலி நடந்துகொண்டிருக்கும்போதே கண்ணாடியைப் பார்த்துவிட்டேன். வலது கண் சிவந்து, இமை பாதி இறங்கி, அந்த ஒரு கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உன் எதிரில் நிற்கும்போது உன் இடது கண் எந்தப் பக்கம் தெரியுமோ, கண்ணாடியில் என் வலது கண்ணும் அதே பக்கம் தெரிகிறது. நீயே எதிரில் நிற்பது போலிருந்தது. அன்றிலிருந்து கண்ணாடி மேல் துண்டைப் போட்டு வைத்திருக்கிறேன்.

உன் நோய்க்குப் பேர் தெரியாமல் எத்தனை வருஷம் அலைந்தாய். சைனஸ் என்றார்கள். பவர் என்று சொல்லிக் கண்ணாடி மாட்டினார்கள். கடைசியில் ஒரு நல்ல பல்லையும் பிடுங்கினார்கள். இருட்டறையில் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள், உன்னால் படுக்கவே முடியாது என்பது தெரியாமல். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடந்துகொண்டே இருப்பாய். பக்கத்து வீட்டு ஜெயா ஆன்ட்டி முதலில் நீ குடித்திருக்கிறாய் என்றுதான் நினைத்தார்கள்.

பேர் கிடைத்தது சிறுசேரிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏறி, ஜன்னல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாயாம். பக்கத்து சீட்டிலிருந்து சுகந்தி அக்கா கேட்டார்களாம், "அண்ணா, தப்பா நினைக்காதீங்க, உங்களுக்கு ஒரு கண்ணு மட்டும்தான் அழுவுதா?" அதை நீ எங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாய். "ஆமாம்மான்னேன். எனக்கும்தாண்ணான்னு சொல்லிச்சு. பஸ்ஸுலயே எழுந்து நின்னு கை குடுத்தேன்." அந்த அக்கா சொன்ன நரம்பு டாக்டரிடம்தான் போனாய். கிளஸ்டர் தலைவலி, தமிழில் கொத்துத் தலைவலி என்று அவர் விளக்கினார். சில வாரங்கள் தினமும் கொத்தாக வரும், பிறகு மாதக்கணக்கில் காணாமல் போகும். நீ சொன்னாயாம், "யாரு டாக்டர் இவ்ளோ கரெக்டா பேர் வெச்சது? கண்ணுக்குள்ள கல்லு போட்டு ஒருத்தன் டக்கு டக்குனு கொத்து பரோட்டாதான் போடுறான்."

அன்றிலிருந்து நம் வீட்டில் அது வெறும் 'கொத்து'. நான் ஐந்தாவது படித்தபோது பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு நீ வரவில்லை. மிஸ் ஏன் என்று கேட்டார்கள். "அப்பாவுக்கு கொத்து வந்துடுச்சு மிஸ்." "அதனாலென்னம்மா, சாப்ட்டு முடிச்சிட்டு வரச்சொல்லு, மீட்டிங் அஞ்சு மணி வரைக்கும் இருக்கே." அதைக் கேட்டு நீ அழும் அளவுக்குச் சிரித்தாய். இரண்டு கண்ணிலும் தண்ணீர் வந்ததால் எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

சானடோரியம் பக்கம் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கப் போனோமே, நினைவிருக்கிறதா? கடைக்காரர் டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேஷன்ட் எங்க சார்?" "நான்தாங்க." "இன்னா சார், நடந்து வந்துகிறீங்க! மூச்சு நல்லாதானே வுடுறீங்க?" இது மூச்சுக்கு இல்லை, தலைவலிக்கு என்று நீ சொன்னதை அவர் கடைசி வரை நம்பவில்லை. ஆனால் வலி ஆரம்பித்தவுடன் முகமூடியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால், பல நாள் பதினைந்து இருபது நிமிஷத்தில் உன் தோள் இறங்கிவிடும். அதற்கும் அடங்காத நாளில் மூக்கில் அடிக்கும் மருந்து. கொத்து வரும் மாதங்களில் தினமும் ஒரு மாத்திரை, அதற்காக அவ்வப்போது ஈ.சி.ஜி. மருந்து டப்பா மேல் நீ ஸ்கெட்ச் பேனாவில் உன் பேரை எழுதினாய். "இது என் பேர் எழுதின மருந்து. எனக்கு அளவு பாத்து குடுத்தது. உனக்கு ஒடம்பே பத்தி எரிஞ்சாலும் இதைத் தொடக்கூடாது. சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

மருந்துக்குச் சமமாக நீ வைத்திருந்தது இதே வலி உள்ளவர்களின் வாட்ஸ்அப் குரூப். பத்தொன்பது பேர். வலி ஆரம்பித்தால் 'கடை திறந்தாச்சு' என்று போட வேண்டும், கூடவே எந்தப் பக்கம் என்று. பார்த்தவர்கள் 'இருக்கேன்' என்று மட்டும் பதில் போட வேண்டும். வலி நடக்கும்போது யாரும் யோசனை சொல்லக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. அது நீ போட்ட சட்டம். பம்மலில் ஆட்டோ ஓட்டும் தாஸ் அண்ணன் மட்டும் அதையே சென்னைத் தமிழில் 'கீறேன்' என்று போடுவார். வலி நின்றதும் 'கடை மூடியாச்சு'. அதற்குப் பிறகுதான் டாக்டர் பேச்சு, மருந்துப் பேச்சு, கேலி எல்லாம்.

அம்மா மட்டும் கொத்து என்ற வார்த்தையைச் சொன்னதே இல்லை. நீ நடக்க ஆரம்பித்தால் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். உன் முனகல் கேட்கக் கூடாது என்றுதான் திறக்கிறாள் என்று நினைத்து, மனசுக்குள் அவளைத் திட்டியிருக்கிறேன்.

அப்புறம் அந்தக் காய்ச்சல். டெங்கு என்றார்கள், எட்டே நாள். தலைவலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஆஸ்பத்திரியில் தெளிவாகச் சொன்னார்கள். நானும் காதால் கேட்டேன். ஆனால் அடக்கம் முடிந்து வந்த மறுநாள் ஜெயா ஆன்ட்டி வாசலில் யாரிடமோ சொன்னதும் என் காதில் விழுந்தது. "அந்தத் தலைவலிதாங்க மனுஷனை உள்ளுக்குள்ளயே அரிச்சிடுச்சு." பகலில் நான் டாக்டரை நம்புகிறேன். இந்த நேரத்தில் ஜெயா ஆன்ட்டியைத்தான் நம்புகிறேன். எனக்கும் எட்டு நாள்தானோ என்று எண்ணினேன். இன்று ஒன்பது.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம் என்பாய். சிலிண்டரைத் திருப்பி எடுத்துப்போக வந்தார்களே, அன்றைக்கு அம்மா கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள், "இனிமே இந்த வீட்ல அந்தப் பேச்சே வேணாம். நீயும் தலை வலிக்குதுன்னு மட்டும் எங்கிட்ட வந்து நிக்காதடி. என்னால முடியாது." சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வேன்? காலையில் கண் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டால், பரீட்சைக்குப் படித்தேன் என்கிறேன்.

நேற்று அந்த சத்தியத்தை உடைக்கப் பார்த்தேன். மருந்து டப்பாவில் ஒரே ஒரு ஸ்ப்ரே மிச்சமிருக்கிறது. கையில் எடுத்து மூடியையும் கழற்றிவிட்டேன். உன் பேர் கட்டை விரலுக்கு அடியில் இருந்தது. திரும்ப வைத்துவிட்டு, இந்த முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். எதிலும் பொருத்தாத குழாய் தரையில் கிடந்தது. மூச்சை இழுத்ததும் முகமூடியின் பை சுருங்கி ஒட்டிக்கொண்டது, மூச்சு முட்டியது, பயந்து பிய்த்து எறிந்தேன். ஆனால் அதைவிட அந்த ஸ்ப்ரேதான் பயம். நேற்று திரும்ப வைத்துவிட்டேன். இன்றைக்கும் வைப்பேனா என்று எனக்கே தெரியாது.

பன்னிரண்டு முப்பத்தெட்டு. மூக்கின் வலது பக்கம் அடைக்கிறது. அது வருவதற்கு முன்னால் இப்படித்தான்.

உன் போனை எடுத்து வந்திருக்கிறேன். அம்மா அதை இன்னும் சார்ஜ் போட்டு ஃபிரிட்ஜ் மேலேயே வைத்திருக்கிறாள். குரூப்பைத் திறந்தேன். யாரும் உன்னை எடுத்துவிடவில்லை. மேலே தள்ளிக்கொண்டே போனேன். அஞ்சலிகளுக்கும் அழுகைக்கும் மேலே, காய்ச்சலுக்கு முந்தின நாள் நீ கடைசியாகப் போட்டது இருக்கிறது. 'கடை மூடியாச்சு.'

வந்துவிட்டது அப்பா

*

மணி இரண்டு பத்து. எழுத்து கோணலாக இருக்கும்.

நான் போட்டேன். 'கடை திறந்தாச்சு. வலது.' போட்ட பிறகுதான் செய்த தப்பு புரிந்தது. அது உன் பேரில் போயிருக்கிறது. ஏழு மாதத்துக்கு முன்னால் செத்துப்போனவர் நடுராத்திரியில் கடை திறந்தால் எப்படி இருக்கும்? யாரோ எழுத ஆரம்பிப்பது தெரிந்தது, பிறகு நின்றது, மறுபடி தெரிந்தது. கடைசியில் தாஸ் அண்ணன், 'யாரு?'

ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்தெழுத்தாகத் தட்டினேன். 'நான் அவர் பொண்ணு.'

சுகந்தி அக்காவிடமிருந்து உடனே வந்தது. 'இருக்கேன்டா.' அடுத்து, 'கீறேன் பாப்பா.' பிறகு பேர் தெரியாத இன்னொருவர், 'இருக்கேன்.' ஒருவர்கூட என்ன ஏது என்று கேட்கவில்லை. உன் சட்டத்தை இன்னும் வைத்திருக்கிறார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்தேன், அந்தப் பக்கம் ஏழு அடி, இந்தப் பக்கம் ஏழு அடி. நெற்றியைச் சுவரில் முட்டிக்கொள்ளப் போகும்போதெல்லாம் கையில் போன் அதிர்ந்தது. இருக்கேன். கீறேன். ஸ்ப்ரே இருந்த டப்பாவைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தேன். தொடவில்லை.

எத்தனையாவது சுற்றில் என்று தெரியாது, சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

எனக்குக் கால் நின்றுவிட்டது. கதவுக்கு அடியில் வெளிச்சத்தில் நிழல் விழுந்தது. அம்மா உள்ளே வந்தாள். கையில் பிழிந்த ஈரத்துண்டு. என் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். அப்பா, மாடியில் இருந்து நீ இறங்கி வரும்போதெல்லாம் உன் கழுத்தில் ஈரத்துண்டு இருக்கும். அதை யார் நனைத்தது என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. தண்ணீர் குளிர்ந்து வரும்வரை குழாயைத் திறந்து விட்டிருப்பாள்.

"எந்தப் பக்கம்டி?" என்றாள்.

சொன்னேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் இருக்கிறதா என்று. பிறகு சுவர் ஓரமாகத் தள்ளி நின்றாள். என்னைப் பிடிக்கவில்லை, படுக்கச் சொல்லவில்லை. நான் நடக்க இடம் விட்டாள்.

ஒன்றே முக்காலுக்கு அடங்கியது. அதற்குப் பிறகு சுகந்தி அக்கா போன் செய்தார்கள். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். "அக்கா, அண்ணனோட மருந்து எதையும் பொண்ணுக்கு குடுத்துடாதீங்க. இது கொத்தான்னு நாம சொல்லக் கூடாது. புதுசா இப்படி ஒரு வலின்னா டாக்டர் பாத்துதான் ஆகணும். காலைலயே போயிடுங்க, நான் லீவு போட்டு வரேன்" என்றார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒம்பது நாளா நடக்கிற சத்தம் கேட்டுச்சு. படிக்கிறான்னு நெனைச்சுக்கினே படுத்திருந்தேன் சுகந்தி. அப்படி நெனைக்கத்தான் எனக்கு ஆசையா இருந்துச்சு" என்றாள். சுகந்தி அக்கா, "உங்களையும் குரூப்ல சேக்கவா?" என்றார்கள். அம்மா போனை என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை, தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

இப்போது என் கட்டில் பக்கத்தில் தரையில் படுத்திருக்கிறாள். தூங்குவது போலிருக்கிறாள். நான் எழுதுவது தெரியும் என்று நினைக்கிறேன்.

பயம் போகவில்லை, அப்பா. காலையில் டாக்டர் என்ன சொல்வாரோ என்று இருக்கிறது. நாளைக்கும் பன்னிரண்டே முக்கால் வரும். உன் முகமூடியை ஸ்கூல் பையில் வைத்திருக்கிறேன். டாக்டரிடம் காட்ட இல்லை, சும்மா கூட இருக்கட்டும் என்று. துண்டு இன்னும் கழுத்தில் ஈரமாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு விளக்கை அணைக்கிறேன். வலி நின்றதும் குரூப்பில் போட வேண்டியதைப் போட்டுவிட்டேன். இப்போது அங்கே நீ கடைசியாகப் போட்ட 'கடை மூடியாச்சு'வுக்குப் பிறகு உன் பேரில் இன்னொன்றும் இருக்கிறது. கீழே இருப்பது என்னுடையது.