ஒரு பருக்கை மிச்சமில்லை

14 ஆகஸ்ட் 1979, செவ்வாய். புந்தோங்.

மகள் செல்வியின் அலறல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. ரத்தத்தில் கோளாறாம். தினமும் ஊசி போட்டே ஆகவேண்டும் என்கிறார் டாக்டர். இன்று ஆஸ்பத்திரியில் முதல் ஊசி. நான் கால்களை அழுத்திக்கொண்டேன், பார்வதி கைகளை. நர்ஸ் மிஸ்ஸி ஊசியோடு வந்ததும் பிள்ளை தன் அம்மாவைப் பார்த்துக் கதறினாள்.

"வேணாம்னு சொல்லும்மா! இனிமே சோறெல்லாம் சாப்பிட்டுர்றேன்மா!"

பார்வதியின் பிடி தளர்ந்துவிட்டது.

ரப்பர் தோட்டத்தில் வேலைக்கு இருந்த காலத்திலிருந்தே எங்கள் வீடுகளில் இதுதான் வழக்கம். பிள்ளை சாப்பிடாவிட்டால், "ஆஸ்பத்திரி டிரெசரக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்லிருவேன்" என்போம். நேற்று இரவுகூட பார்வதி சொன்னாள். ஐந்து வயதுப் பிள்ளை வேறு என்ன நினைக்கும்?

பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய்ச் சிறுமி. அவள் அம்மா காதருகே மெல்ல ஓதிக்கொண்டிருந்தாள். ஊசி ஏறியதும் அவளும் அழுதாள்தான், ஆனால் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். செல்வியோ அம்மாவைக் கிட்டவே சேர்க்கவில்லை.

வீடு திரும்பும் பஸ்ஸில் எவ்வளவோ சொன்னேன். "அது மருந்துடா கண்ணு. நீ சோறு சாப்பிடாததுக்கு இல்ல." தலையை ஆட்டினாள்.

இரவு யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தாள். குமட்டக் குமட்ட விழுங்கினாள். "போதும்டி, வெச்சிரு" என்று பார்வதி அழுதும் நிறுத்தவில்லை. கடைசியில் தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"பாரும்மா, காலி. நாளைக்கு ஊசி வேணாம்னு மிஸ்ஸிகிட்ட சொல்லிருவல்ல?"

பார்வதி என்னைப் பார்த்தாள்.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.