ராஜனின் அளவுகள்

1996 பெப்ரவரி 12, திங்கள்

ராஜன் தந்த அளவுகளை நான் நம்பவில்லை.

பாசனத் தண்ணீர் மண்ணுக்குள் எவ்வளவு வேகமாக இறங்கும் என்று கணிப்பது என் வேலை. அது சரியா என்று பார்க்க, ஆய்வுகூடத்தில் ஆளுயரக் குழாயொன்றில் மண் நிரப்பி, தண்ணீர் விட்டு அளப்பது அவன் வேலை. இன்று பின்னேரம் அவனுடைய அளவுகளைக் கணினியில் என் கணிப்புக் கோட்டின்மேல் போட்டேன். ஒரு புள்ளிகூட விலகவில்லை.

"அக்கா, உங்கட கணக்கு அச்சொட்டாய்ச் சரி," என்றான். பேராசிரியர் என் கையைக் குலுக்கி, கட்டுரையில் என் பெயர்தான் முதலில் வரும் என்றார்.

என் கணக்கு இதுவரை இப்படிச் சரிவந்ததே இல்லை. மண்ணில் கல் இருக்கும், வெடிப்பு இருக்கும். போன வெள்ளி, "சும்மா பாக்கத்தான்" என்று என் கணிப்பை வாங்கிக்கொண்டு போனவன் இவன்.

வீட்டுக்கு வரும்போது அவனுடைய காரில் மெல்லக் கேட்டேன்.

"தண்ணி ஒழுங்காய்த்தானே இறங்கினது?"

"ஓம் அக்கா. மேலயிருந்து படிப்படியாய்."

ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மல்வேர்னில் என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டான்.

இன்று காலையில் அவன் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கோப்பி வாங்கப் போன நேரம் நான் ஆய்வுகூடத்துக்குப் போயிருந்தேன். தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் குழாய்ச் சுவரோடு வழிந்து, அடியால் வெளியேறி நிலமெல்லாம் ஓடியது. நான்தான் துடைத்தேன். குழாய் ஒழுகுவதைத் திரும்பி வந்து அவனே கண்டிருப்பான் என்று சொல்லாமல் விட்டேன்.

அவனுடைய புள்ளிகளின்படி அடிமண் மத்தியானம்வரை காய்ந்தே கிடந்திருக்கிறது. காலையில் நனைந்த என் காலுறை இன்னும் ஹீற்றரின்மேல் ஈரமாய்க் கிடக்கிறது.