மயில் லேபிளுக்கு இரண்டு அம்பு

4-11-68
தீபாவளிப் பட்டாசு லோடு போய் முடிந்து, நான் மேஸ்திரியாக இருக்கும் லேபிள் ரூம் ஓய்ந்து கிடக்கிறது. என் மனசு ஓயவில்லை. ஆயுத பூசையன்று பேக்கிங் மேஸ்திரி பெத்தணன் அத்தனை பேர் முன்னால் சொன்னான்: "பேருதான் வெள்ளைத்துரை. எட்டாங் கிளாஸ்ல பெயிலு." பெயில் இல்லை. வாத்தியாருக்கு என் கணக்குப் புரியவில்லை. பொங்கலுக்கு முதலாளி எங்கள் இருவரில் ஒருவரைப் பெரிய மேஸ்திரி ஆக்குவார். கைநாட்டுப் பயல் அவன். அவனைக் கணக்காலேயே அடிக்க வேண்டும்.

10-11-68
அக்கா மகள் சொர்ணலட்சுமி விருதுநகர் காலேஜிலிருந்து ஞாயிறுக்கு வந்தாள். நோட்டில் இரண்டு வட்டம், நடுவே அம்புகள். சார்பு என்றாள். இடது வட்டம் சார்பகம். அம்பு போய் விழும் புள்ளி பிம்பம். இடப்பக்கம் ஒவ்வொன்றும் ஓர் அம்பு விட்டே ஆக வேண்டும்; இரண்டு கூடாது. வலப்பக்கம் ஒன்றின்மேலேயே பத்து அம்பு விழலாம், விழாமலும் போகலாம். அரை மணியில் பிடித்துக்கொண்டேன். காலேஜில் இதற்கு ஒரு மாசமாம்.

13-11-68
இடது: பதினாலு வெடி. வலது: இருபது லேபிள். குருவி வெடிக்கு மதுரைக்குப் போனால் கிளி லேபிள், சேலத்துக்குப் போனால் மான் லேபிள். ஒன்றுக்கு ரெண்டு அம்பு. மாட்டினான்லே.

15-11-68
முதலாளி மேஜையில் படத்தை விரித்தேன். பெத்தணன் பேக்கிங் சார்பே இல்லை என்றேன். பக்கத்தில் நின்ற அவன் தலையைச் சொறிந்தபடி பார்த்தான்.
"அண்ணாச்சி, வாங்குறவுக கையில இருக்கது லேபிளு. அங்கனருந்து கோட்டை இழுங்க."
கிளியைப் பிரித்தால் குருவி வெடி; மானைப் பிரித்தாலும் அதேதான். முதலாளி சிரித்தார்.

16-11-68
இருபது லேபிளையும் மறுபடி எண்ணினேன். இருபதுதான்.

24-11-68
சொர்ணமும் அவன் பக்கம். "எதுலருந்து கிளம்புறோம்னு முதல்ல முடிவு பண்ணணும் மாமா. அம்பைத் திருப்பினா சார்பகமே வேற." சரி, திருப்பினேன். பேக்கிங் பட்டியலை வைத்து இருபது லேபிளுக்கும் அம்பு போட்டேன். மயிலிலிருந்து இரண்டு! பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு ஒன்று, அணுகுண்டு வெடிக்கு ஒன்று. பூச்சட்டி என்று நம்பி ஒரு பிள்ளை குனிந்து பற்றவைத்தால் முகமே போகுமே. ஒழிந்தான் பெத்தணன்.

25-11-68
முதலாளியிடம் போகிற வழியில், பேக்கிங்குக்கு லேபிள் கொடுத்த சீட்டுகளைப் புரட்டினேன். அணுகுண்டுக்குரிய சிங்கம் லேபிள் தீர்ந்த அன்று அதற்கு மயிலைக் கொடுத்திருக்கிறது — கையெழுத்து என்னுது. அழகான கையெழுத்து. வேறு எவனுடையது என்றும் சொல்ல முடியாது.
கால் தானாகக் குடோனுக்குப் போனது. என் கையிலிருந்த சீட்டைப் பார்த்துவிட்டுப் பெத்தணனே பேசினான்: "அந்த நாப்பது பெட்டியையும் அன்னைக்கே ஒதுக்கிட்டேன் அண்ணாச்சி. ஒண்ணும் வெளிய போகல. முதலாளிட்ட சொல்லல."
திட்டித் தொலைத்திருக்கலாம், படுபாவி.

14-1-69
பொங்கல். நாற்பது பெட்டியிலும் மயிலை உரித்துச் சிங்கம் ஒட்டி முடித்துவிட்டேன். பெரிய மேஸ்திரியாக யாரைப் போடலாம் என்று முதலாளி என்னிடமே கேட்டார். பெத்தணன் என்றேன்.
விட்டுக்கொடுத்தேன் என்று எவனும் நினைக்க வேண்டாம். பழிதான் வாங்கியிருக்கிறேன். இனி சீசனில் யார் தப்புச் செய்தாலும் திட்டு அவன் ஒருத்தன் மேல்தான் விழும். எத்தனை அம்பும் ஒரே இடத்தில் விழலாம். கணக்கில் அதற்கு இடம் உண்டு.