பயம் இருந்த இடம்

நுரைச்சோலை
12.05.2014

அன்பு மகள் சுஜாந்திக்கு அப்பா எழுதுவது, நீயும் மருமகனும் அந்த இத்தாலிக் குளிரில் நோய் நொடி இல்லாமல் இருக்க அன்னம்மா தாயாரை மன்றாடுகிறேன், இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு நித்திரை கொள்கிறோம், அதைச் சுகம் என்றால் நாங்களும் சுகம். நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை அம்மா அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறாள், இந்த வெயிலில் அதை எங்கே போட்டுக்கொண்டு போகப் போகிறாய் என்று கேட்டால் என் மேலே பாய்கிறாள். ஆடு இரண்டு குட்டி போட்டது. சோளகக் காற்று தொடங்கிவிட்டது, கடல் பெருத்துப் போய் எல்லாரும் வள்ளங்களைக் கரையேற்றிவிட்டார்கள், எங்கள் வள்ளம் மட்டும் இன்னும் தண்ணீரில் நிற்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்தை விட்டு நகருகிறாள் இல்லை.

உன் தம்பி கிளைட்டனின் தலையை எடுத்த ஸ்கான் படத்தை நீ வேலை செய்கிற முதியோர் இல்லத்து டொக்டரிடம் காட்டிக் கேட்டுச் சொன்னாயே, கொழும்பிலும் அதையேதான் சொன்னார்கள். காய்ச்சல் மூளைக்கு ஏறியதில் இரண்டு பக்கமும் கொட்டாங்காய்க்குள் இருக்கிற சின்னப் பருப்பு அளவில் ஒவ்வொரு துண்டு செத்துவிட்டதாம், அதுதான் பயம் இருக்கிற இடமாம், இனி முளைக்காதாம். அப்பா, மனம் எண்டு தனியா ஒண்டும் இல்லை, எல்லாம் அந்தச் சதைதான், இங்க கிழடுகள் அது சுருங்கச் சுருங்கப் பெத்த பிள்ளையையே மறக்குதுகள், நான் கண்ணால பாக்கிறன் எண்டு நீ சொன்னாய். நான் ஓம் என்று மட்டும் சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன், இது அம்மாவுக்கும் தெரியாது.

போன வருஷம் ஆனி மாதம் வள்ளம் கவிழ்ந்து, கூடத் தொழிலுக்குப் போன பாக்கியம்மாவின் மகன் தம்பியின் கைக்குள்ளேயிருந்து வழுவிக் கடலில் தாண்டு செத்துப் போனான் அல்லவா, அதற்குப் பிறகு தம்பி முழங்கால் தண்ணீரில்கூட இறங்கவில்லை. இரண்டு மாதம் பார்த்தேன். எனக்குப் பொறுமை ஏது, பெட்டைக்கோழி என்று ஊர் கேட்கத் திட்டினேன், ஒரு நாள் சாப்பாட்டுக் கோப்பையையும் தட்டிவிட்டேன். ஆவணித் திருவிழாவுக்குத் தலவில அன்னம்மா கோயிலில் கொட்டில் போட்டுத் தங்கியிருந்தபோது, அம்மா சமைத்துக்கொண்டிருந்த நேரம் நான் தனியே போய்த் தாயாரின் சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு நேர்த்தி வைத்தேன். என் மகனுடைய பயத்தை எடுத்துவிடு என்றுதான் கேட்டேன். அவனைக் காப்பாற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்பதாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் வந்தது, வலிப்பும் வந்தது, ஆஸ்பத்திரியால் எழும்பி வந்தவனுக்குப் பயம் இல்லை. நேரே கடலுக்குள் இறங்கினான். ஊரே தாயார் செய்த புதுமை என்றது, நானும் மெழுகில் சின்ன வள்ளம் ஒன்று செய்வித்துக் கொண்டுபோய் வைத்து அழுது நன்றி சொன்னேன்.

விளங்குகிறதா மகள், நீ சொல்வதுபோல மனம் வெறும் சதை என்றால் நான் கேட்டதற்கும் நடந்ததற்கும் ஒரு தொடுப்பும் இல்லை, ஏதோ கிருமி வந்தது, தின்றது, போனது, நான் நிம்மதியாகக் கண்ணை மூடலாம். ஆனால் தம்பிக்கு இனி வழி இல்லை. மனம் சதைக்கு மேலான ஒன்று என்றால் என் வாயால்தான் இது நடந்தது, ஆனால் எடுத்த தாயாரிடமே திருப்பிக் கேட்கலாம். நான் குற்றவாளியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் மனம் சொல்கிறது. ஆனால் அந்தப் படத்தில் கறுத்துக் கிடந்த இரண்டு இடங்களையும் இந்தக் கண்ணால் பார்த்துவிட்டேனே, அதற்குப் பிறகு செபம் செய்ய உட்கார்ந்தால் வார்த்தை வருகுதில்லை.

இப்போது ஒவ்வொரு நாளும் நானும் அவனோடு ஏறுகிறேன், விட்டால் தனியே போய்விடுவான். கரையில் நிற்கிற அனல்மின் ஆலைப் புகைக்கூடு கண்ணுக்கு மங்கினால் திரும்பிவிடுவது எங்கள் கரை வழக்கம். முந்தாநாள் அது மங்கி, முழுதாய் மறைந்தும் அவன் ஓட்டிக்கொண்டே போனான். முன்னால் கடல் மதில்போல எழும்பி வந்தது. நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, என்னப்பா முகத்தை இப்பிடி வச்சிருக்கீங்க, பல்லுக் குத்துதோ எண்டு கேட்டான். அன்பாய்த்தான் கேட்டான். அவனுக்கு எங்களில் பாசம் குறையவில்லை, செபம், பாட்டு, வலை போடுகிற இடம் எல்லாம் அப்படியே இருக்கிறது, பயந்த மனிதனின் முகம் எப்படி இருக்கும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு அலையைவிட அந்தக் கேள்விதான் குலை நடுங்க வைத்தது. திருப்படா எண்டு கத்தினேன், உடனே திருப்பினான். சொன்னால் கேட்கிறான், அது ஒன்றுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது எனக்குப் பயமாயிருக்கு தம்பி என்று அவனிடம் அழாதே, அது அவனுக்கு விளங்காது. அப்பா ஏறாமல் வள்ளத்தை இறக்கக் கூடாது என்று சட்டமாய்ச் சொல்லு, நீ சொன்னால் தட்டமாட்டான். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, மருமகனை வாகனத்தை மெதுவாய் ஓட்டச் சொல்லு, இயேசு மரி சூசை உங்கள் இருவரையும் காவல் பண்ணட்டும். அம்மாவுக்குச் சொல்லாதே, போன கிழமை புத்தளத்தில் டொக்டர் என் நெஞ்சைச் சோதித்துவிட்டு, ஒரு தரம் அட்டாக் வந்து போயிருக்கிறது, கடல் வேலையை இன்றைக்கே விடு, இன்னொரு தரம் வந்தால் தாங்காது என்றார். தம்பியாவது யோசிக்கட்டும் என்று நேற்று அவனிடம் அதைச் சொன்னேன். அவன் என் தோளைத் தடவிவிட்டு, அதுக்கென்னப்பா, நீங்க வீட்டில இருங்க, நான் தனியப் போறன் எண்டான்.

இப்படிக்கு
உன் அப்பா
சூ. இன்னாசிப்பிள்ளை