அங்கே குளிர், இங்கே புழுக்கம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் ஒருவாறு இருக்கிறோம். போனில் எது கேட்டாலும் "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று முடித்துவிடுகிறாய். அப்பாவும் பக்கத்திலேயே படுத்திருக்கிறார். அதனால் தாளில் எழுதி, படமெடுத்து அனுப்புகிறேன். பொறுமையாகப் படி.

இங்கே வெயில் தணியவில்லை. கரண்ட் பில்லை நீ கட்டுவதால் ஏ.சி.யைப் போடவே கை கூசுகிறது. பகலெல்லாம் ஒரே அறையில்தான் இருக்கிறோம். ஜன்னலில் தடித்த போர்வையைக் கட்டி, கதவுக்கு அடியில் பழைய துணியைச் சுருட்டி வைத்திருக்கிறேன். பிளாஸ்க்கைத் திறந்து வைத்துவிட்டு டீ ஆறிப்போச்சு என்று புலம்பக் கூடாதல்லவா. ஏ.சி.யைப் பதினாறில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது அப்பாவின் நம்பிக்கை. லிஃப்ட் பொத்தானைப் பத்துத் தடவை அமுக்கினால் லிஃப்ட் ஓடி வந்துவிடுமா என்று கேட்டேன். "வாத்தியாரம்மா ஆரம்பிச்சுட்டா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இருபத்தாறில் வைத்து, மின்விசிறியை மெல்ல ஓடவிட்டதில் அவருக்கே போதுமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தாயே, அன்றோடு ஏ.சி. நின்றது. வீட்டுக்குள்ளேயே நீ குல்லா போட்டிருந்தாய். மருமகள் தடித்த குளிர் ஜாக்கெட்டோடு சமைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை "தாத்தா, என் வாயிலேர்ந்து புகை வருது பாரு" என்று ஊதிக் காட்டினாள். நீ சட்டென்று போனைத் திருப்பினாய். வேலை நாட்களிலும் இப்போது நீ வீட்டில் இருப்பதை நாங்கள் கவனிக்காமல் இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டேன். சொல்லத் தோன்றும்போது சொல்.

போனை வைத்ததும் அப்பா ஏ.சி.யை நிறுத்திவிட்டார். "அங்க ஹீட்டரை அணைச்சுட்டு இங்க எனக்குக் காத்து வாங்கிக் குடுக்கறானா? பேத்தி நடுங்குறா, எனக்கென்னடி கேடு?" என்றார். ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தர மறுக்கிறார். சூடு ஏறினால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். "அவரையே வந்து விசிறச் சொல்லு" என்கிறார். ஈரத்துண்டால் துடைத்துத் துடைத்து என் கை ஓய்ந்துவிட்டது. நேற்று மத்தியானம் அவருக்கு மூச்சு வாங்கியது. நிமிர்த்தி உட்காரவைத்து வெகுநேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது. அப்போதும் பிடிவாதம் குறையவில்லை.

வீடு முழுவதையும் சூடாக்க வேண்டாம், கண்ணா. மூவரும் ஒரே அறையில் இருங்கள். வெயில் வரும் பக்கத்துத் திரையைப் பகலில் விலக்கி, பொழுது சாய்ந்ததும் மூடிவிடு. நாங்கள் செய்வதைத் தலைகீழாகச் செய்தால் போதும். அந்த ஒரு அறைக்கு ஹீட்டரைப் போடு. எங்கள் பில்லை என் பென்ஷனில் நானே பார்த்துக்கொள்கிறேன்.

அறை சூடானதும் குழந்தையை வெறும் சட்டையோடு அப்பாவுக்குக் காட்டு. என் பேச்சு அவரிடம் எடுபடாது. உன் வார்த்தையையும் இனி நம்ப மாட்டார். அவளைப் பார்த்தால்தான் மனம் இறங்குவார்.

மூவரும் கதகதப்பாக, நன்றாக இருங்கள். இன்றைக்கே காட்டப்பா. இங்கே இப்போதே வெயில் ஏறிவிட்டது.

உன்
அம்மா