பந்தக்கால் நட்ட பிறகு

அம்மா, உன் வீட்டைக் காலி செய்ய வந்தேன். பின்கட்டுப் பரணில் அந்த அலுமினியத் தட்டு இன்னும் கிடக்கிறது. வீட்டுக்குத் தூரமான நாட்களில் எனக்கென்று ஒதுக்கிவைத்த தட்டு. அதைப் பார்த்ததும் நான் அழுவேன் என்று தங்கை நினைத்தாள். எனக்கு வந்தது ஆத்திரம்.

அந்தத் தட்டை வைத்துத்தானே என் மாதத்தை நீ காவல் காத்தாய்! அப்போது எனக்கு இருபத்து மூன்று. பி.காம் முடித்து, டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் பரணிலிருந்து தட்டு இறங்கவில்லை. "ஏட்டி, என்ன நடந்துச்சு? உண்மையச் சொல்லு" என்று அடுப்படியில் வைத்து என் சடையைப் பிடித்தாய். சொன்னேன். கடையில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து பாபநாசம் போயிருந்தோம். ஆற்றில் குளிக்கையில், கூட வேலை பார்த்தவர் என்னைக் கட்டிப்பிடித்தார், முத்தம் கொடுத்தார். எனக்கும் பிடித்திருந்தது. உடுத்திய துணி உடுத்தியபடிதான் இருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

"ஈரத்துணியோட ஒட்டி நின்னா போதும்ட்டி, தண்ணி வழியாவே தங்கிரும்" என்று தலையில் அடித்துக்கொண்டாய். மூன்று பெற்றவள் சொல்கிறாளே என்று நானும் நம்பித் தொலைத்தேன். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வந்தபோது, "வீட்டுல படிச்சுக்கிடுங்க" என்று டீச்சர் பக்கத்தைப் புரட்டிவிட்டார். வீட்டில் யாரிடம் போய்ப் படிக்க?

கட்டிவைத்தால் அவருக்கே கட்டிவை என்று கெஞ்சினேன். "அவுக வேற ஆளுக" என்றாய். வயிறு தெரியுமுன்னே காரியத்தை முடிக்க வேண்டும் என்று, வேலையை விடச்சொல்லி, உன் அண்ணன் மகனுக்குப் பேசி முடித்தாய்.

பந்தக்கால் நட்ட மறுநாள் எனக்குத் தூரம் வந்தது. ஓடிவந்து சொன்னேன். ஒன்றும் இல்லை அம்மா, கல்யாணத்தை நிறுத்து என்று காலைப் பிடித்தேன். நீ சுற்றுமுற்றும் பார்த்தாய். "சத்தம் போடாத. பந்தக்கால் நட்டாச்சு." அத்தனை வருடம் அடுப்படி வாசலைக்கூட மிதிக்கவிடாதவள், அன்று மட்டும் தட்டை எடுக்கவில்லை. சொந்தக்காரர்களோடு என்னையும் உட்காரவைத்து நீயே சோறு போட்டாய். அன்றைக்கு மட்டும் உன் தீட்டு எங்கே போனது?

பிள்ளை உண்டானபோது, பாளையங்கோட்டை டாக்டரம்மாவிடம் கேட்டேன். "கட்டிப்பிடிச்சாலோ, முத்தம் கொடுத்தாலோ, ஆத்துல ஒண்ணாக் குளிச்சாலோ கரு தங்காதும்மா. விந்து பிறப்புறுப்புக்குள்ள போகணும். உறவு இல்லாட்டியும் அந்த வாசல்ல பட்டுட்டா கொஞ்சம் வாய்ப்பு உண்டு. நாள் தள்ளுததுக்கு எத்தனையோ காரணம் இருக்கு. மருந்துக்கடையில சோதனை அட்டை வாங்கிப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே" என்றார்.

அதை அப்படியே உன்னிடம் வந்து சொன்னேன். உளுந்து புடைத்துக்கொண்டே, "இப்ப அதுக்கு என்னட்டி? நல்லாத்தான வாழுத?" என்றாய்.

நல்லாத்தான் வாழ்கிறேன். உன் மருமகன் நல்லவர்தான். நான் கேட்பது அதை அல்ல. தெரியாமல் பயந்தாய், சரி. தெரிந்த பிறகும் ஏன் அம்மா நிறுத்தவில்லை? நீ இருந்தவரை இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதை விழுங்கிக்கொண்டுதான் உனக்கு வாய்க்கரிசி போட்டேன். இன்னும் செரிக்கவில்லை.